வீட்டு விளக்குக்கு வரும் பச்சை அந்துப்பூச்சிகள்: எது எதுவென்று பிரிப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஐப்பசி மழை பிடித்ததும் என் கைபேசிக்குப் படங்கள் வர ஆரம்பிக்கும். டியூப்லைட் பக்கத்துச் சுவர், மாடிப்படி, துணிக்கொடி, ஒருமுறை மாவு வாளியின் மூடி. எல்லாவற்றிலும் ஒரு பச்சைப் பூச்சி உட்கார்ந்திருக்கும். "இது என்னங்க?" என்று கீழே ஒரு வரி. நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, விளக்கைப் போட்டு, வருகிறதைப் பார்த்துக் குறித்து வைக்கிற ஆள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக இங்கே தொகுத்துவிட்டேன். தமிழ்நாட்டுச் சமவெளியிலும் மலையடிவாரத்திலும் வீட்டு விளக்குக்கோ தோட்டத்துக்கோ வரும் பச்சைகள் மட்டும்தான் இதில் உண்டு. கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறேன்.

அந்துன்னா அரிசியில வர்றதுதானே? இது உள்ளங்கை அகலம் இருக்கே?

அரிசியில் வருகிற அந்தும் இதே கூட்டம்தான். செதில் மூடிய நான்கு இறக்கை இருந்து, பட்டாம்பூச்சி அல்லாதது எல்லாமே அந்துப்பூச்சி. சில ஊர்களில் விட்டில் என்பார்கள். வேளாண் ஆட்கள் புழுவைப் பற்றிப் பேசும்போது "தாய் அந்துப்பூச்சி" என்பார்கள். அரிசி அந்து இறக்கையை விரித்தாலும் இரண்டரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அதே கூட்டத்தில் பத்து சென்டிமீட்டரைத் தாண்டுகிறதும் உண்டு.

பச்சையா இருக்கு, சரி. அந்துதான்னு எப்படி உறுதி பண்றது?

மழைக்கால விளக்கடியில் பச்சையாக இருப்பதில் பாதி அந்தே இல்லை. தத்துப்பூச்சி, வெட்டுக்கிளி உறவுகள், பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி என்று ஒரு கும்பல் வரும். கண்ணாடி இறக்கைப் பூச்சியின் இறக்கையில் நரம்பு வலை போலத் தெரியும், பின்னால் இருக்கும் சுவரும் தெரியும். தத்துப்பூச்சி விரலைக் கொண்டுபோனால் குதிக்கும். அந்துப்பூச்சியின் இறக்கையைத் தொட்டால் விரலில் மாவு ஒட்டும். அந்த மாவுதான் செதில். ஆனால் சோதிக்கிறேன் என்று எல்லாவற்றையும் தேய்த்துவிடாதீர்கள். நாம் அடையாளம் பார்க்கப்போவதே அந்தச் செதிலில்தான்.

முதல்ல எதைப் பார்க்கணும்? கலரா, சைஸா?

இரண்டும் இல்லை. எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நிறம் ஏமாற்றும், படத்தில் அளவும் ஏமாற்றும். உட்காரும் விதம் அநேகமாக ஏமாற்றாது.

நான்கு இறக்கையும் தெரிகிறபடி, காகிதம் ஒட்டியதுபோலச் சுவரோடு சுவராகப் படிந்திருந்தால் அது ஜியோமெட்ரிடே குடும்பத்து மரகதப் பச்சை அந்து, சுருக்கமாக மரகதம். இதன் புழுதான் முதுகை வளைத்து வளைத்து நடக்கும் அளவுப்புழு. முக்கோணமாக, பட்டுத்துணிப் பளபளப்போடு, நீண்ட கால்களை ஊன்றி, மெல்லிய உணர்கொம்பைப் பின்னால் போட்டுக்கொண்டு இருந்தால் பரோட்டிஸ். ஜெட் விமானம் போல இறக்கை பின்னோக்கிச் சாய்ந்து, உடம்பு கொழுத்திருந்தால் பருந்து அந்து. ஓட்டுக்கூரை மாதிரி இறக்கையைச் சரித்து மூடியிருந்தால் இரண்டு வாய்ப்பு. உடம்பில் ரோமம் அடர்ந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் அகலம் இருந்தால் பராசா. கொத்தமல்லி விதையை இழுத்து நீட்டியதுபோலக் குட்டியாக இருந்தால் ஏரியாஸ். இந்த ஐந்தில் எது என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மிச்சப் பாதிதான் தலைவலி.

வால் ரெண்டும் நீளமா தொங்குது, இறக்கையில கண்ணு கண்ணா இருக்கு. இதுல எத்தனை வகை?

நம் ஊர்ப்பக்கம் குழம்பவே வேண்டாம். ஆக்டியாஸ் செலீனி, நிலா அந்து. நான்கு இறக்கையிலும் ஒவ்வொரு கண்பொட்டு, பின்னிறகில் வால். ஒதிய மரம் இருக்கிற ஊரில் பார்க்க வாய்ப்பு அதிகம், புழு அதன் இலையைத் தின்னும். இதைப் போன்ற மற்ற ஆக்டியாஸ்களைத் தேடி வடகிழக்கு மாநிலங்களுக்குத்தான் போக வேண்டும்.

"பட்டினியா கிடக்கு, தேன் வைக்கட்டுமா?" என்று கேட்பவர்களுக்கும் சேர்த்து: இதற்குச் சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்து ஒரு வாரம்போல வாழ்ந்து, இணைந்து, முட்டையிட்டு முடிந்துவிடும்.

நந்தியாவட்டையில இலையை ஒட்டி வச்சிருக்கிற புழுவும், வால்ல கொம்பு வச்ச குண்டுப் புழுவும் ஒண்ணுதானா? சின்னது வளர்ந்து பெருசாகுதா?

எனக்கு வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். இல்லை, இரண்டும் வேறு. ஒரே செடியில் இரண்டு குடித்தனம்.

இலைகளை நூலால் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பது பரோட்டிஸ் புழு. ஒட்டிய இலையை மெல்லப் பிரித்துப் பாருங்கள். பச்சைக் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய புழு சடாரென்று பின்னால் நகரும். சுற்றிலும் கருப்பாகப் புழுக்கை கிடக்கும். இலையின் ஒரு பக்கத்தை மட்டும் சுரண்டித் தின்றிருப்பதால் மறுபக்கம் சல்லடைத் துணிபோல நிற்கும். இதிலிருந்து வருவது மூன்று சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டுப் பச்சை அந்து. முன்னிறகின் மேல்விளிம்பில் பழுப்புக் கோடு, இறக்கை நடுவில் கருப்புப் பொட்டு, ஓரக் குஞ்சத்தில் பழுப்பு.

கொம்பு வைத்த குண்டுப் புழு டாஃப்னிஸ் நெரி என்ற பருந்து அந்தின் புழு. மறைந்துகொள்ளாது, வெளியே உட்கார்ந்தே இலையைக் காம்புவரை தின்றுவிடும். தொந்தரவு செய்தால் தலையைக் குனிந்து கழுத்துப் பக்கத்தை உப்பும். அங்கே நீலமாக இரண்டு கண்பொட்டுகள், கருப்பு வளையத்தோடு. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பாம்புக்குட்டி என்றே நினைக்கிறார்கள். கூட்டுப்புழு ஆவதற்கு முன் பச்சை மங்கிப் பழுப்பாகி, செடியை விட்டு இறங்கித் தரையில் வேகமாக நடக்கும். அந்தக் கட்டத்தில்தான் "இன்னொரு புது வகை" என்று மறுபடி படம் வரும். அதே புழுதான்.

அரளிக்கு வர்ற பெரிய பச்சைப் பூச்சின்னா கண்ணை மூடிட்டு டாஃப்னிஸ் நெரின்னு சொல்லிடலாமா?

அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, அடீனியம் இவற்றில் புழுவைப் பார்த்திருந்தால் தைரியமாகச் சொல்லலாம். விளக்குக்கு வந்த அந்தை மட்டும் பார்த்துச் சொல்வதென்றால் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். டாஃப்னிஸ் ஹைபோதவுஸ் என்று ஒரு அண்ணன் இருக்கிறார். அதே எட்டு பத்து சென்டிமீட்டர் அகலம், ராணுவ உடை மாதிரி அதே பச்சைத் திட்டுகள்.

இரண்டு இடத்தைப் பாருங்கள். முன்னிறகு தோளோடு சேரும் இடத்தில் வெளிர் வட்டமும் அதற்குள் கரும்பச்சைப் புள்ளியும் கண் மாதிரி தெரிந்தால் நெரி. முன்னிறகின் கூர்நுனியில் சுண்ணாம்பு வைத்ததுபோல வெள்ளைப் பொட்டு பளிச்சென்று இருந்தால் ஹைபோதவுஸ். மொத்தத்தில் நெரி இளஞ்சிவப்புப் பட்டை கலந்து வெளிச்சமாக இருக்கும், ஹைபோதவுஸ் இருண்டிருக்கும். ஆனால் பழைய இறக்கையில் இருட்டு வெளிச்சத்தை நம்பக் கூடாது, பொட்டைத்தான் நம்ப வேண்டும். ஹைபோதவுஸின் புழு அரளிப் பக்கம் போவதைவிட சின்கோனா, காபி இருக்கிற ரூபியேசி குடும்பத்துச் செடிகளைத்தான் நாடும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு: பெர்கெசா ஆக்டியஸ். உடம்பு பச்சை, முன்னிறகில் பச்சையும் பழுப்பும். இறக்கையை விரித்தால் பின்னிறகு மஞ்சளாக மின்னும். சேம்பு, டிஃபன்பேக்கியா தொட்டி வைத்திருக்கிற வீடுகளில் புழுவைப் பார்க்கலாம். மஞ்சள் தெரிந்துவிட்டால் டாஃப்னிஸ் பேச்சே இல்லை.

வெண்டைக்காயில புழு. விளக்குப் பொறியில ரெண்டு மாதிரி பச்சைப் பூச்சி விழுது. ரெண்டும் ஒரே காய்ப்புழுவா?

இரண்டும் புள்ளிக் காய்ப்புழுக்கள்தான், ஆனால் இரண்டு சிற்றினம். ஏரியாஸ் விட்டெல்லா, ஏரியாஸ் இன்சுலானா. வெண்டை, பருத்தி இரண்டிலும் துளைக்கும். பயிர் இல்லாத காலத்தில் வரப்போரத் துத்தியில் குடியிருக்கும்.

அந்தைப் பிரிப்பது இந்தப் பக்கத்திலேயே சுலபமான வேலை. விட்டெல்லாவின் முன்னிறகு வெளுத்த பாலேட்டு நிறம். அதன் நடுவில் தோளிலிருந்து வெளிவிளிம்பு வரை விரிந்துகொண்டே போகும் ஒரு பச்சைப் பட்டை, ஆப்பு வைத்தாற்போல. இன்சுலானாவின் முன்னிறகு முழுக்கப் பச்சை. பின்னிறகு இரண்டிலும் வெண்மை. சிக்கல் எங்கே என்றால், இன்சுலானா சில பருவத்தில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் வரும். அப்போதும் ஆப்புப் பட்டை இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் கேட்க வேண்டும், பச்சை இருக்கிறதா என்று அல்ல.

புழுவில் பார்ப்பதென்றால் ஒரு கைலென்ஸ் போதும். உடம்பில் விரல் விரலாகச் சதைநீட்சிகள் துருத்திக்கொண்டு இருந்தால் இன்சுலானா. பழுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு ஓடி, அந்த நீட்சிகள் இல்லாமல் இருந்தால் விட்டெல்லா. காய் வருவதற்கு முன்பே குருத்து வாடித் தலை தொங்கும், அதைக் கிள்ளிப் பிளந்தால் உள்ளே ஆள் இருப்பார். வறண்ட பகுதியில் இன்சுலானாவும் மழை கூடிய பகுதியில் விட்டெல்லாவும் மிகுந்திருக்கும் என்பது பொது வழக்கு. ஆனால் ஒரே வயலில் இரண்டும் கிடைப்பதில் அதிசயம் இல்லை.

இனக்கவர்ச்சிப் பொறி வச்சேன். அதுல விழுந்தா அந்த இனம்தானே? பேக்கெட்டுலயே பேர் போட்டிருக்கே?

அப்படி எழுதிக்கொள்ளாதீர்கள். பெண்பூச்சியின் வாசனையை வைத்து ஆணை இழுக்கிற பொறி அது. ஏரியாஸ் இரண்டின் பெண்பூச்சி வாசனையிலும் முக்கிய வேதிப்பொருள் ஒன்றே. துணைப்பொருள்களில்தான் வித்தியாசம். அதனால் பக்கத்து வீட்டு ஆணும் எட்டிப் பார்க்கலாம். பொறியிலிருந்து எடுத்து, மேலே சொன்ன ஆப்புப் பட்டையைப் பார்த்துவிட்டு எண்ணிக்கையைக் குறியுங்கள். பொறிக்குள் துடித்துச் செதில் உதிர்ந்த பூச்சிகளைத் தனிக் கணக்காக வையுங்கள்.

பச்சைப் பூச்சி தொட்டா அரிக்கும்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. நெசமா?

பாட்டி சொன்னது புழுவைப் பற்றி. பராசா லெபிடாவின் புழு பச்சையில் நீலக்கோடு போட்டு, முள் முள்ளாக அழகாக இருக்கும். தென்னை, மா, மாதுளை இலைகளின் அடியில் கூட்டமாக மேயும். கை பட்டால் சுணை ஏறித் தீப்பட்டதுபோல எரியும். நத்தைப் புழு என்று வேளாண் ஆட்கள் சொல்வது இந்தக் குடும்பத்தைத்தான். அந்துப்பூச்சிக்கு அந்த முள் கிடையாது, ஒன்றும் செய்யாது.

அந்தில் பராசா லெபிடாவை அறிய: தலையும் தோளும் பச்சை, முன்னிறகு பச்சை, அதன் வெளியோரம் அகலமாகப் பழுப்பு, தோளடியில் ஒரு பழுப்புத் திட்டு. பழுப்பு ஓரம் இல்லாமல் பச்சையில் சில பழுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தால் பராசா பைகலர். மூங்கில் பக்கம் பாருங்கள்.

ஒரே மாதுளையில ஒண்ணு பச்சை, ஒண்ணு மஞ்சள்ல பெரிய பழுப்புத் திட்டோட. புழு ஒரே மாதிரிதான் இருந்துச்சு. எப்படி?

கணவன் மனைவி. டிரபாலா விஷ்ணு. ஆண் சிறியது, ஆப்பிள் பச்சை. பெண் பெரியது, மஞ்சளோ மஞ்சள் கலந்த பச்சையோ, முன்னிறகில் பழுப்புத் திட்டோடு. இதுவரை வேறு வேறு பூச்சி ஒன்றுபோல இருப்பதைப் பார்த்தோம், இங்கே ஒரே பூச்சி வேறு வேறாக இருக்கிறது. ஆணின் உணர்கொம்பு சீப்புப் பல் மாதிரி அகலமாக விரிந்திருக்கும். பெண்ணின் வாசனையைப் பிடிக்க அதற்கு அது தேவை. கொய்யாவிலும் இதே ஜோடி கிடைக்கும்.

வெளிர் பச்சை, மெல்லிசா ரெண்டு வெள்ளைக் கோடு. செயலி தலாசோடெஸ்னு சொல்லி ஒரு முழுப் பேரும் கொடுக்குது. நீங்க ஏன் ஒத்துக்க மாட்டேங்கறீங்க?

ஒத்துக்கொள்ள முடியாது என்பதால்தான். பின்னிறகின் வெளிவிளிம்பு நடுவில் சின்னதாக முனை வைத்து, நான்கு இறக்கையும் ஒரே பாசிப்பச்சையாக, பொடிப்பொடியாக வெள்ளைக் கீறல் தூவி, இரண்டு வெள்ளைக் கோட்டோடு இருக்கும் மரகதங்கள் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். ஒரு காலத்தில் எல்லாவற்றையும் தலாசோடெஸ் என்றே போட்டு வைத்திருந்தார்கள். 1996-ல் ஹாலோவே என்ற பூச்சியியலாளர் போர்னியோ அந்துகளை ஆராய்ந்தபோது அதிலிருந்து பெலகோடெஸ், ஓரோதலாசோடெஸ் என்று தனிப் பேரினங்களைப் பிரித்தார். எதை வைத்துப் பிரித்தார்? இறக்கையை வைத்து அல்ல, முக்கியமாக ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை வைத்து. வயிற்று நுனியைக் காரக்கரைசலில் வேகவைத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அது தெரியும். மாவு வாளி மூடியில் எடுத்த படத்தில் தெரியாது.

மாங்கொழுந்திலோ லிச்சியிலோ புழுவைப் பார்த்தேன் என்றாலும் உறுதியாகாது, இந்தக் குடும்பத்தில் பலருக்கு மாங்கொழுந்து பிடிக்கும். நான் எழுதிக்கொள்வது "தலாசோடெஸ் / பெலகோடெஸ் கூட்டம்" என்று மட்டும். மரகதங்களில் எல்லாமே இப்படி இல்லை. பச்சையில் பழுப்புப் பட்டை அழுத்தமாக ஓடினால் அகாதியா. இரண்டு சென்டிமீட்டருக்குள் குட்டியாக, இறக்கையில் சிவந்த பொட்டுகளோடு இருந்தால் கோமோஸ்டோலா. பேரினம் வரை இவை வீட்டிலேயே முடியும்.

போன வருஷம் பிடிச்சு அட்டையில குத்தி வச்சேன். இப்ப மஞ்சளா வெளுத்துப்போச்சு. வேற பூச்சியா இருக்குமோ?

அதே பூச்சிதான். மரகதங்களின் பச்சை ஒரு நிறமி, ஜியோவெர்டின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஈரம் பட்டால் கெட்டுவிடும். இறக்கையை இளக்க ஈரப்பெட்டியில் வைத்தாலே ஒரே ராத்திரியில் மஞ்சளாகும். உயிரோடு இருக்கும்போதும் நாள் ஆக ஆக வெளுக்கும். அதனால் "பச்சையா, மஞ்சள் கலந்த பச்சையா" என்ற சண்டையில் இறங்காதீர்கள். கோடு எங்கே ஓடுகிறது, விளிம்பு எப்படி வளைகிறது என்பது வெளுத்த இறக்கையிலும் அப்படியே இருக்கும்.

தாத்தாவோட வேளாண் புத்தகத்துல ஏரியாஸ் ஃபேபியான்னு இருக்கு. அது மூணாவது வகையா?

இல்லை, ஏரியாஸ் விட்டெல்லாவின் பழைய பெயர். பரோட்டிஸை மார்கரோனியா என்றும் கிளைஃபோடெஸ் என்றும், பராசாவை லடோயா என்றும் போட்டிருப்பார்கள். பெயர் மாறியது, பூச்சி மாறவில்லை.

இங்கே ஒரு ஊர்க்கதை. இந்திய அந்துகளுக்கு 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதி எழுதிய ஜார்ஜ் ஹாம்சன் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர். நம் மலைப் பூச்சிகள் பலவற்றுக்கு இன்றும் அந்தத் தொகுதிகளைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். புரட்டலாம், ஆனால் அதில் கிடைக்கும் பெயரை இன்றைய பட்டியலோடு ஒப்பிடாமல் பதிவேட்டில் எழுத வேண்டாம்.

எப்படிப் படம் எடுத்தா உங்களால சொல்ல முடியும்?

மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுக்காதீர்கள், பச்சை எல்லாம் காக்கி ஆகிவிடும். முடிந்தால் விடிகாலை வெளிச்சத்தில், பூச்சி அசையாமல் இருக்கும்போது எடுங்கள். நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் முகமும் உணர்கொம்பும் தெரிய ஒன்று. கண்ணாடி சன்னலில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் போய் அடிப்புறமும் ஒன்று. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். பக்கத்தில் என்ன செடி என்பதையும் எழுதுங்கள். விளக்கு வைத்துப் பார்ப்பதென்றால் அமாவாசையை ஒட்டிய இரவுகள் நல்லது, பௌர்ணமியில் வேட்டி காலியாக இருக்கும். காப்புக்காட்டுக்குள் விளக்கு வைக்க வனத்துறை அனுமதி வேண்டும், அதைக் கேட்காமல் போகாதீர்கள்.

டிஎன்ஏ பார்த்தா ஒரே அடியில தெரிஞ்சிடுமே? எதுக்கு இவ்வளவு பாடு?

சிஓஐ என்ற மரபணுவில் 658 எழுத்துள்ள ஒரு துண்டை வாசித்து, ஏற்கெனவே வாசித்து வைத்ததோடு ஒப்பிடுவார்கள். ஒரு காலின் துணுக்கே போதும். ஆனால் ஒப்பிடும் பட்டியலில் அந்தப் பூச்சி இருந்தாக வேண்டும், அதற்குச் சரியான பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். யாரோ ஒரு பெலகோடெஸைத் தலாசோடெஸ் என்று பெயரெழுதிப் போட்டிருந்தால் உங்கள் பூச்சிக்கும் அந்தப் பெயர்தான் வரும். அந்த முதல் பெயரை எழுதியவர் வயிற்று நுனியை வேகவைத்துப் பார்த்தாரா என்ற கேள்விக்கே மறுபடி வந்து நிற்போம்.

"பரோட்டிஸ், சிற்றினம் தெரியாது"ன்னு பதிஞ்சா யாருக்கு என்ன பிரயோஜனம்?

பரோட்டிஸில் பலவும் மேலே சொன்ன மரகதங்கள் மாதிரிதான், பழுப்பு விளிம்பின் அகலத்தை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தேதி, ஊர், செடி மூன்றும் உங்கள் பதிவில் இருந்தால், நாளைக்கு யாராவது இந்தக் கூட்டத்தைப் பிரித்து எழுதும்போது அது திரும்ப எடுத்துப் பார்க்கத் தகுந்த பதிவு. தவறான முழுப்பெயரோடு கிடந்தால் அவர் தேடும்போது அது கண்ணிலேயே படாது. என் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க "பரோட்டிஸ், நந்தியாவட்டை, மாடிப்படி விளக்கு" என்றுதான் இருக்கிறது. அதில் நான்கு வரிக்குப் பக்கத்தில் மட்டும் "வயிற்று நுனியில் கருப்புக் குஞ்சம், ஆண்" என்று குறித்திருக்கிறேன். சிற்றினம் பார்க்க முதலில் எடுக்க வேண்டியது அந்த நான்கைத்தான்.